கேம்ல காசு புடுங்குற வேலையும், பிளேயருங்க அதைத் தடுக்குற வழியும்: முழுமையான வழிகாட்டி

ஃப்ரீ கேம்னு சொல்லி டவுன்லோட் பண்ண வச்சுட்டு அப்புறம் பேட்டில் பாஸ், கிரேட் (உள்ள என்ன இருக்குனு தெரியாத பெட்டி), ஸ்பின், டாப்-அப் (காசு போட்டு காயின் ஏத்துறது)னு வரிசையா நீட்டுறது எல்லாருக்கும் பழகிப்போச்சு, முழுக் காசு குடுத்து வாங்குன கேம்லயே உள்ள போனா இன்னொரு கடை தொறந்து வச்சிருக்கான். இதைத் திட்டி கமெண்ட் போடாத கேமரே கிடையாது. ஆனா எந்தெந்த தடவை கம்பெனி இறங்கி வந்துச்சு, எப்பெல்லாம் காதுலயே போட்டுக்கலனு எடுத்துப் பார்த்தா அதுல ஒரு கணக்கு தெரியும், அந்தக் கணக்கு தெரிஞ்சா திட்டுற நேரத்தை உருப்படியா செலவு பண்ணலாம்.

அந்தக் கணக்கு வெளிய வந்த கதையே செம கதை. 2011 ஜூன்ல ஐஸ்லாந்து கம்பெனி சிசிபி, தன்னோட ஈவ் ஆன்லைன்ங்கற விண்வெளிக் கப்பல் கேம்ல ஒரு கடை தொறந்துச்சு, அதுல கேரக்டர் ஒத்தக் கண்ணுல மாட்டிக்கிற ஒரு கண்ணாடி அறுபது டாலருக்கு மேல. ஏற்கனவே மாசா மாசம் சந்தா கட்டி ஆடுறவங்க கிட்ட இது. ஜனம் கொதிச்சுப் போச்சு. அந்த நேரத்துல சிஇஓ ஸ்டாஃபுக்கு அனுப்புன மெயில் ஒண்ணு லீக் ஆச்சு, சாராம்சம் என்னன்னா பிளேயருங்க சொல்றதை விட செய்றதை கவனிப்போம்னு. ரொம்பப் பேர் இதைத் திமிரா பார்த்தாங்க, நான் இதைவிட நேர்மையா ஒரு கேம் கம்பெனி பேசி கேட்டதே இல்லனு சொல்வேன். பிளேயருங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க, ஜிட்டாங்கிற பெரிய சந்தை ஏரியால நிக்கிற சிலையை நூத்துக்கணக்குல கப்பல் கொண்டு வந்து சுட்டாங்க, கூடவே சந்தாவை கேன்சல் பண்ணாங்க. சிலைய சுட்டதால கம்பெனிக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது, போட்டோ மட்டும் எல்லா கேமிங் சைட்லயும் வந்துச்சு, கேன்சல் தான் வலிச்சுது. பிளேயருங்க ஓட்டு போட்டு எடுத்த கவுன்சிலை அவசரமா ஐஸ்லாந்துக்கு கூப்பிட்டு உக்காந்து பேசுனாங்க, அக்டோபர்ல சிஇஓவே மன்னிப்பு லெட்டர் எழுதினார்.

ஆக அவங்க பார்க்குறது நாம செய்றதை. கீழ இருக்கற ஸ்டெப் எல்லாமே அந்த "செய்றது"ல எதை எப்படி மாத்தலாம்ங்கறது தான்.

ஸ்டெப் 1: உங்க கேம் எங்க சம்பாதிக்குதுனு கண்டுபிடிங்க

2006ல ஆப்லிவியன் கேம்ல குதிரைக்கு ஒரு கவசம் ரெண்டரை டாலருக்கு வித்தாங்க, அப்ப உலகமே சிரிச்சுது. இன்னைக்கு அந்த ரேட்டுக்கு ஒரு ஸ்கின் கிடைச்சா ஆஃபர்னு ஷேர் பண்ணுவோம்.

ஸ்கின் (கேரக்டர், துப்பாக்கியோட தோற்றம்), எமோட் (கேரக்டர் போடுற ஆட்டம், சைகை) மாதிரி வெறும் அழகுக்கு விக்கிறது ஒரு வகை. சீசனுக்கு ஒரு தடவை காசு கட்டி, ஆட ஆட ஒவ்வொண்ணா ரிவார்டு வாங்குற பேட்டில் பாஸ் இன்னொண்ணு, இதுல காசு மட்டும் இல்ல உங்க நேரமும் போகும், ஏன்னா காசு கட்டியும் தினம் ஆடலனா ரிவார்டு வராது. துப்பாக்கியோட டேமேஜ், கேரக்டரோட பவர்னு ஜெயிக்கிற விஷயத்தையே விக்கிறது பே டு வின். என்ன வரும்னு தெரியாமலே காசு போடுறது லூட் பாக்ஸ், காச்சா.

கடைசியா ஒண்ணு இருக்கு, பேரு ரொம்ப சாதுவா இருக்கும், "டைம் சேவர்". லெவல் வேகமா ஏத்துற எக்ஸ்பி பூஸ்டர், எனர்ஜி ரீஃபில், வெயிட்டிங் டைமை ஸ்கிப் பண்றது எல்லாம் இதுல வரும். எனக்கு லூட் பாக்ஸை விட இது தான் அதிக கடுப்பு, ஏன்னா முதல்ல கேமை வேணும்னே இழுவையா டிசைன் பண்ணிட்டு அப்புறம் அந்த இழுவைல இருந்து தப்பிக்க ரேட் போடுறான். ஒரு சின்ன டெஸ்ட் வச்சுக்கோங்க: நாளைக்கு அந்தக் கடைய மூடிட்டா இந்த கேம் ஆட நல்லா இருக்குமா, இல்ல ஆடவே முடியாதா? ஆடவே முடியாதுனா நீங்க ஆடிட்டிருக்கறது கேம் இல்ல, கடை.

ஸ்டெப் 2: காயினை ரூபாய்க்கு மாத்துங்க

யூசி, டயமண்ட், வி-பக்ஸ், ஜெம்னு எல்லா கேம்லயும் ஒரு போலி காசு இருக்கறதுக்கு காரணம் உண்டு. முதல் காரணம், 1200 டயமண்ட்னு பார்த்தா அது எவ்வளவு ரூபாய்னு மூளைல டக்குனு ஏறாது. ரெண்டாவது, பேக் சைஸும் பொருளோட விலையும் ஒத்துப்போகாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்ல பேட்டில் பாஸ் 950 காயின், காயின் பேக் ஆரம்பமே 1000. மிச்சம் 50 காயின் அக்கவுண்ட்ல கிடக்கும், அதை வச்சு ஒண்ணும் வாங்க முடியாது, வீணாக்கவும் மனசு வராது, அடுத்த தடவை வாங்க அதுவே ஒரு சாக்கு. ஐரோப்பால 2025 மார்ச்ல நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புங்க எல்லாம் சேர்ந்து வெளியிட்ட கொள்கைகள்ல இதையே தான் சொல்லிருக்காங்க, பொருளோட விலைய நிஜக் காசுலயும் தெளிவா காட்டணும், வேண்டாத அளவுக்கு காயின் வாங்க வைக்கக் கூடாதுனு.

நம்ம ஊர்ல அப்படி காட்ட மாட்டான், அதனால நாமளே கணக்கு போடணும். ஜென்ஷின் இம்பாக்ட் எடுத்துக்குவோம். கேரக்டருக்காக ஒரு தடவை குலுக்கல் இழுக்கறது தான் ஒரு விஷ், அதுக்கு 160 ப்ரைமோஜெம்ங்கற கேம் காசு. 90 விஷ்ல ஒரு ஃபைவ் ஸ்டார், அதாவது ரொம்ப அரிதான ரகம், கண்டிப்பா வரும், ஆனா நீங்க கேக்குற கேரக்டர் தான் வரும்னு கேரண்டி இல்ல, வேற யாராவது வந்துட்டா அடுத்த ஃபைவ் ஸ்டார்ல தான் நிச்சயம். அப்ப மோசமான பட்சத்துல 180 விஷ், அதாவது 28,800 ப்ரைமோஜெம். பெரிய பேக் 100 டாலர் கிட்ட, போனஸ் சேர்த்து 8,080 கிரிஸ்டல் வரும், ஒரு கிரிஸ்டலை ஒரு ப்ரைமோஜெம்மா மாத்திக்கலாம். நாலு பேக் வேணும். ஒரே ஒரு கேரக்டருக்கு 400 டாலர்! முதல் தடவை வாங்குறப்ப டபுள் போனஸ் உண்டு, ஃப்ரீயா சேர்ற ஜெம்மும் உண்டு, நிறைய பேருக்கு 180 வரைக்கும் போகாம முன்னாடியே வந்துடும், எல்லாம் சரி தான். ஆனா மோசமான பட்சம் என்னனு தெரியாம முதல் பேக்கை வாங்காதீங்க.

ஸ்டெப் 3: பர்சென்டேஜ் எங்க எழுதிருக்குனு தேடிப் படிங்க

ஒரு பெர்சென்ட் சான்ஸ்னா நூறு தடவை இழுத்தா வந்துடும்னு நம்புற ஆளுங்க தான் காச்சா கம்பெனியோட அன்னதாதா. 1% சான்ஸ்ல நூறு தடவை இழுத்தாலும் கிட்டத்தட்ட 37% பேருக்கு ஒண்ணும் வராது. பிட்டினு சொல்ற கேரண்டி லிமிட் இல்லாத கேமா இருந்தா ஆயிரம் தடவை இழுத்தாலும் கேரண்டி இல்ல.

அந்த பிட்டி சிஸ்டம் கூட சும்மா தானமா வரல. ஜப்பான்ல 2016 ஜனவரில கிரான்ப்ளூ ஃபேன்டசிங்கற கேம்ல ஒரு கேரக்டருக்காக ஒருத்தர் லைவ் ஸ்ட்ரீம்ல லட்சக்கணக்கான யென் போட்டு ரெண்டாயிரம் தடவைக்கு மேல இழுத்தார், அது பெரிய சர்ச்சையாகி, கேம் கம்பெனி 300 தடவை இழுத்தா வேணுங்கறதை எடுத்துக்கலாம்னு ஒரு உச்சவரம்பு கொண்டு வந்துச்சு. பர்சென்டேஜ் போடறதும் அப்படித்தான், சீனால 2017 மே மாசத்துல இருந்து கட்டாயம், அந்த வருஷக் கடைசில ஆப்பிளும் ஆப் ஸ்டோர்ல கட்டாயமாக்குச்சு. கேம்ல பேனருக்கு (குலுக்கல் நடக்கற பக்கம்) கீழ மூலைல "டீடெயில்ஸ்" இல்ல ஒரு சின்ன கேள்விக்குறி ஐகான் இருக்கும், அதுக்குள்ள தான் பொதைச்சு வச்சிருப்பான். படிச்சதும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, எதுக்குனு கடைசில சொல்றேன்.

ஸ்டெப் 4: பர்ஸுக்கு பூட்டு

இதுல நீட்டி முழக்க ஒண்ணும் இல்ல, அஞ்சு நிமிஷ வேலை. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் பாஸ்வேர்டு இல்ல கைரேகை கேக்குற மாதிரி மாத்துங்க. ஐபோன்ல ஸ்க்ரீன் டைம்க்குள்ள போய் ஆப்புக்குள்ள வாங்குறதையே ஆஃப் பண்ணலாம். கார்டு, யூபிஐ எதையும் சேவ் பண்ணி வைக்காம மாசத்துக்கு இவ்வளவுனு ப்ளே ஸ்டோர் கிஃப்ட் கார்டு மட்டும் வாங்கி போட்டுக்கறது எனக்குத் தெரிஞ்சு நல்ல பழக்கம், கார்டு தீர்ந்தா கதை முடிஞ்சுது. மந்த்லி சந்தா எடுத்திருந்தா யூபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதில போய்ப் பாருங்க, கேமை அன்இன்ஸ்டால் பண்ணா சந்தா நின்னுடாது. பாதி விலைக்கு டாப்-அப்னு டெலிகிராம்ல வர்ற ஆளு கிட்ட ஐடி, பாஸ்வேர்டு குடுத்துட்டு அக்கவுண்ட் போச்சேனு அழுதா ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது.

வீட்ல தம்பியோ பொண்ணோ தெரியாம வாங்கிட்டா முதல்ல கூகுள், ஆப்பிள் ரீஃபண்ட் வழில போங்க. கூகுள்ல வாங்குன 48 மணி நேரத்துக்குள்ள கேட்டா வேலை சுலபம், நீங்க அனுமதிக்காத பர்ச்சேஸ்னா 120 நாள் வரைக்கும் ரிப்போர்ட் பண்ணலாம். நேரா பேங்குக்கு போய் பணத்தை ரிவர்ஸ் பண்ணச் சொன்னா கேம் அக்கவுண்ட் லாக் ஆகற ஆபத்து இருக்கு. ஃபோர்ட்நைட் நடத்துற எபிக் கேம்ஸ் மேல அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி வச்ச குற்றச்சாட்டுல இதுவும் ஒண்ணு, ஒரே பட்டன் அமுக்குனா காசு போற மாதிரி குழப்பமா டிசைன் பண்ணது, பேங்க்ல புகார் பண்ணவங்க அக்கவுண்டை லாக் பண்ணது ரெண்டுக்கும் சேர்த்து 2022 டிசம்பர்ல 24.5 கோடி டாலர் திருப்பித் தர எபிக் ஒத்துக்கிச்சு.

ஸ்டெப் 5: நேரம் பார்த்து அடிங்க

இப்ப கூட்டா செய்ற வேலைக்கு வருவோம். 2017 நவம்பர், இஏங்கற பெரிய கேம் கம்பெனியோட ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2. கேம் 17ஆம் தேதி ரிலீஸ், ஆனா சிலருக்கு முன்கூட்டியே ஆட விட்டாங்க. அதுல ஸ்டார் வார்ஸ் படத்தோட பிரபல வில்லன் டார்த் வேடரா ஆடணும்னா 60,000 கிரெடிட், அதாவது ஆடி சேர்க்கற கேம் காசு. 80 டாலர் குடுத்த எனக்கு வேடர் லாக்கானு ரெடிட்ல ஒருத்தர் கேட்டார், இன்னொருத்தர் ஒரு மேட்ச்சுக்கு எவ்வளவு கிரெடிட் வருதுனு கணக்கெடுத்து, ஒரு ஹீரோவைத் தொறக்க கிட்டத்தட்ட 40 மணி நேரம் ஆகும்னு போட்டார். அந்த நாப்பது தான் எல்லாத்தையும் மாத்துச்சு, ஏன்னா கேம் ஆடாத ரிப்போர்ட்டருக்கும் அது புரியும். ஹீரோவைத் தொறந்து "பெருமையும் சாதிச்ச உணர்வும்" கிடைக்கணும்னு தான் இப்படினு இஏ பதில் போட்டுச்சு, அது ஆறு லட்சத்துக்கு மேல டவுன்வோட் வாங்கி கின்னஸ் புக்ல ஏறிடுச்சு.

டவுன்வோட் மட்டும் வச்சு இஏ பயந்துச்சுனு நினைச்சா அது தப்பு. ரிலீஸுக்கு இன்னும் சில நாள், ப்ரீ-ஆர்டர் கேன்சல் பண்ணலாம், விமர்சனம் எழுதறவங்க இன்னும் எழுதி முடிக்கல, அடுத்த மாசம் டிஸ்னியோட ஸ்டார் வார்ஸ் படம் வேற வருது, டிஸ்னி தரப்புல இருந்தும் இஏக்கு பேச்சு போனதா அப்ப செய்தி வந்துச்சு. ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி கேம்ல காசு வாங்குற கடையவே மூடுனாங்க. இதே சத்தம் ரிலீஸாகி ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா எல்லாரும் ஏற்கனவே காசு கட்டி முடிச்சிருப்பாங்க.

அதனால ரிலீஸுக்கு முந்தின வாரம், புது சீசன் அறிவிச்சு இன்னும் விக்க ஆரம்பிக்காத நாள், கம்பெனி காலாண்டு ரிப்போர்ட் வர்ற நேரம், இந்த மாதிரி சமயத்துல ஒண்ணு சேருங்க. நம்ம ஊர் மொபைல் கேமுக்கு தீபாவளி, பொங்கல் ஈவென்ட் வர்ற வாரம் தோதான நேரம், அன்னைக்கு டாப்-அப் குறைஞ்சா அவனுக்கு உடனே தெரியும்.

ஸ்டெப் 6: என்ன வேணும்னு ஒரு வரில சொல்லுங்க

"டெவலப்பர் திருடன்", "கேம் செத்துருச்சு" இதுக்கெல்லாம் கம்பெனியால பதிலே சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. 2023 மே மாசத்துல வார் தண்டர்ங்கற போர் கேம்ல நடந்ததைப் பாருங்க. நல்லா ஆடி முடிச்சாலும் டாங்க் ரிப்பேர் செலவுல கேம் காசு மைனஸ்ல போகும், அதை சரிக்கட்ட நிஜக் காசு குடுத்து பிரீமியம் அக்கவுண்ட் வாங்கணும். இது வருஷக்கணக்கா புகைஞ்சுட்டிருந்துது, கம்பெனி இன்னும் இறுக்குற மாதிரி மாற்றம் அறிவிச்சதும் ஸ்டீம்ங்கற கம்ப்யூட்டர் கேம் கடைல நெகட்டிவ் ரிவியூவா கொட்டுனாங்க, ஒரு வீக்கெண்ட் முழுக்க ஆட வேண்டாம்னு தேதியும் குறிச்சாங்க. ரிப்பேர் செலவு, அடுத்த வண்டிக்குப் போக ஆகுற நேரம்னு கோரிக்கைகள் எண்ணிக்கையோட இருந்துது. கைஜின் கம்பெனி அந்த மாற்றத்தை வாபஸ் வாங்குனது மட்டும் இல்லாம ஜூன் 14ஆம் தேதி எதை எப்ப சரி பண்ணுவோம்னு ஒரு பட்டியலும் வெளியிட்டுச்சு.

ஸ்டீம்ல ரிவியூ எழுதறப்ப ஒரு விஷயம். 2019ல இருந்து கேமுக்கு சம்பந்தமில்லாத காரணத்துக்கு கூட்டமா ரிவியூ போட்டா அதை ஸ்கோர்ல சேர்க்காம விட்டுடறாங்க. அதனால கேம்ல நடக்கறதை எழுதுங்க: எத்தனை மணி நேரம் ஆடுனீங்க, எந்தப் பொருள், என்ன விலை, எது மாறுனா ரிவியூவை மாத்துவீங்க. அந்தக் கடைசி வரி முக்கியம். ப்ளே ஸ்டோர்லயும் இதே மாதிரி எழுதலாம். ஸ்டாஃபை பேர் சொல்லித் திட்றது, மிரட்டுறது வேண்டவே வேண்டாம், தப்புங்கறது ஒரு பக்கம், அடுத்த நாள் நியூஸ்ல உங்க கோரிக்கை காணாமப் போய் மிரட்டல் மட்டும் தான் நிக்கும்.

அப்புறம், பாய்காட்னு போஸ்ட் போட்டுட்டு அன்னைக்கு ராத்திரியே புது கிரேட் ஓப்பனிங் லைவ்ல உக்காந்து சூப்பர் சாட் போடுற கூட்டம் நம்ம கிட்ட அதிகம். சிசிபி மெயிலை ஞாபகம் வச்சுக்கோங்க, செய்றதைத் தான் பார்ப்பான். ஸ்ட்ரீமர் கிட்டயும் கேளுங்க, ப்ரோ இந்த காயின் நீங்க காசு குடுத்து வாங்குனதா இல்ல கம்பெனி குடுத்ததானு.

ஸ்டெப் 7: இறங்கி வந்ததும் சின்ன எழுத்தைப் படிங்க

மன்னிப்பு வந்ததும் கூட்டம் கலைஞ்சிடும், கம்பெனிக்கும் அது தெரியும். பேட்டில்ஃப்ரண்ட் 2ல ஹீரோ விலைய 75% குறைச்சோம்னு இஏ அறிவிச்சப்ப எல்லாரும் கைதட்டுனாங்க, கூடவே கதை மோடை முடிச்சா கிடைக்கிற ரிவார்டை 20,000ல இருந்து 5,000ஆ குறைச்சிருந்தாங்க, அதுவும் அதே 75%. கண்டுபிடிச்சது ஆடிப் பார்த்தவங்க தான்.

ஏபெக்ஸ்லயும் கிட்டத்தட்ட அதே. 2024 ஜூலைல சீசனுக்கு ஒரு பாஸை ரெண்டா பிரிச்சு, ரெண்டையும் நிஜக் காசுல மட்டும் தான் வாங்கணும்னாங்க, ஸ்டீம்ல ஆயிரக்கணக்குல நெகட்டிவ் ரிவியூ விழுந்துச்சு, சில வாரத்துல காயின்லயே வாங்கலாம்னு பின்வாங்குனாங்க. ஜெயிச்சாச்சு! ஆனா ரெண்டா பிரிச்சது பிரிச்சது தான், அது போகல. மொதல்ல பத்து கேட்டு அப்புறம் அஞ்சுல இறங்குற பேரம் இது, அவன் நினைச்சது ஆரம்பத்துலயே அஞ்சா கூட இருக்கலாம். அதனால மாற்றத்துக்கு முன்னாடி, அறிவிப்புல, வாபஸுக்கு அப்புறம்னு மூணு காலம் (column) போட்டு ஒரு ஷீட்ல எழுதி வைங்க. மூணாவது காலத்தை முதல் காலத்தோட தான் ஒப்பிடணும், நடுவுல இருக்கறதோட இல்ல.

ஸ்டெப் 8: சட்டம் எவ்வளவு தூரம் வரும்

நாட்டுக்கு நாடு வேற. பெல்ஜியம் 2018ல காசு குடுத்து வாங்குற லூட் பாக்ஸ் சூதாட்டம்னு சொல்லிடுச்சு, இஏ அங்க தன்னோட ஃபிஃபா கேம்ல காசுக்கு குடுக்கற ஃபிஃபா பாயிண்ட் விக்கிறதையே நிறுத்திச்சு. நெதர்லாந்து இஏக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு, ஆனா 2022ல அங்க மேல் கோர்ட்டே அதை ரத்து பண்ணிடுச்சு. ஜென்ஷின் கம்பெனி மேல 2025 ஜனவரில எஃப்டிசி 2 கோடி டாலர் போட்டு, 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு பெத்தவங்க சம்மதம் இல்லாம லூட் பாக்ஸ் விக்கக் கூடாதுனு சொல்லுச்சு.

இந்தியால 2025ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தைப் பார்த்துட்டு இனிமே ஸ்கின், கிரேட் எல்லாம் தடைனு சிலர் வீடியோ போட்டாங்க. அந்தச் சட்டத்தோட குறி ரம்மி, ஃபேன்டசி மாதிரி காசு கட்டி காசு ஜெயிக்கிற கேம். நமக்கு உதவுறது வேற ஒண்ணு, 2023 நவம்பர் 30ல மத்திய அரசு கொண்டு வந்த டார்க் பேட்டர்ன் விதிகள். மொத்தம் 13 வகை ஏமாத்து டிசைனைத் தடை பண்ணிருக்கு. பொய்யா "இன்னும் 10 நிமிஷம் தான்"னு டைமர் ஓட்டுறது, மூடுனாலும் மூடுனாலும் வாங்கு வாங்குனு பாப்-அப் வர்றது, சந்தாவை சேர சுலபமாவும் கேன்சல் பண்ண கஷ்டமாவும் வைக்கிறது இதெல்லாம் அதுல வரும். அப்படி எதாவது மாட்டுனா வீடியோ ரெக்கார்டு பண்ணிட்டு 1915க்கு போன் பண்ணி புகார் குடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழ்லயும் பேசலாம். அங்க தீரலனா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வழக்குக் கட்டணம் கிடையாது. "பிடிக்கல"ங்கறது புகார் ஆகாது, "டைமர் முடிஞ்சதும் அதே ஆஃபர் அதே விலைல திரும்ப வந்துச்சு, இதோ ரெண்டு வீடியோ"ங்கறது புகார்.

ஸ்டெப் 9: பில்லை பத்திரமா வைங்க

மேல ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொன்னேன்ல, காரணம் கொரியா. நெக்ஸானோட மேப்பிள்ஸ்டோரில கியூப்னு ஒரு பொருள், ஆயுதத்தோட பவரை குலுக்கல்ல மாத்தும், காசு குடுத்து வாங்குறது. 2021ல பிளேயருங்க கொதிச்சு எழுந்து, எல்ஈடி போர்டு வச்ச லாரிய வாடகைக்கு எடுத்து கோஷத்தை ஓட விட்டு நிறுத்தி போராடுனாங்க. அந்த அழுத்தத்துல நெக்ஸான் பர்சென்டேஜை வெளியிட்டப்ப தெரிஞ்சுது, எல்லாரும் ஆசைப்பட்டு காசு கொட்டுன சில காம்பினேஷன் வர்றதுக்கு வாய்ப்பு பூஜ்யம். குறைவு இல்ல, பூஜ்யம்.

2024 ஜனவரில கொரிய வணிகக் கமிஷன் 1,164 கோடி வோன் அபராதம் போட்டுச்சு, மார்ச்ல இருந்து எல்லா கேமும் பர்சென்டேஜ் போடணும்னு சட்டமே வந்துச்சு. அப்புறம் நுகர்வோர் சமரச அமைப்பு மூலமா கிட்டத்தட்ட 8 லட்சம் பிளேயருங்களுக்கு சுமார் 2,190 கோடி வோன் மதிப்புக்கு இழப்பீடுனு முடிவாச்சு. தனியா கேஸ் போட்ட ஒருத்தருக்கும் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் காசுல ஒரு பகுதி திரும்ப வந்துச்சு.

இந்த மாதிரி இடத்துல எல்லாம் முதல்ல கேக்குறது ஆதாரம், என்னைக்கு எதை எவ்வளவுக்கு வாங்குனீங்கனு. அதனால ப்ளே ஸ்டோர் அனுப்புற ரசீது மெயிலை டெலிட் பண்ணாதீங்க, ஜிமெயில்ல ஒரு லேபிள் போட்டு தள்ளி வைங்க, அதுல இருக்கற ஆர்டர் நம்பர் தான் ரீஃபண்டுக்கும் கேக்கப்படும். யூபிஐ ஸ்டேட்மெண்டை வருஷத்துக்கு ஒரு தடவை பிடிஎஃப்பா எடுத்து வைங்க. பர்சென்டேஜ் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறப்ப தேதியும் பேனர் பேரும் தெரியற மாதிரி எடுங்க, ஏன்னா ஈவென்ட் முடிஞ்சதும் அந்தப் பக்கத்தையே கேம்ல இருந்து தூக்கிடுவாங்க.